வாசகர் கேள்வி பதில்: அடிபோனெக்டின் குறைவு என்று தாளில் சிவப்பாக வந்தால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். யாரோ ஒருவர் பெரிய இரத்தப் பரிசோதனை பேக்கேஜ் எடுத்திருக்கிறார், தாளில் இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போய்விட்டது. சரி, அதையே முழுசாகப் பேசிவிடலாம்.

டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வயது 46. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. தனியார் லேப்பில் பேக்கேஜ் எடுத்தார். சர்க்கரை நார்மல் என்கிறார்கள், ஆனால் அடிபோனெக்டின் 3.9, குறைவு என்று சிவப்பில் இருக்கிறது. ஹெச்எஸ் சிஆர்பி 3.6. கை கால் எல்லாம் ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. ரிசல்ட் தாளையும் இணைத்திருக்கிறேன். இது என்ன வியாதி? – வாசகி, பட்டர்வொர்த்

வியாதி இல்லை அம்மா. அடிபோனெக்டின் என்பது நம் கொழுப்பு செல்களே சுரந்து இரத்தத்தில் விடும் ஒரு ஹார்மோன். கொழுப்பு என்றால் சும்மா மூட்டை கட்டி வைத்த எண்ணெய் என்றுதான் ரொம்ப காலம் மருத்துவர்களும் நினைத்திருந்தார்கள். 1994ல் பசியை அடக்கும் லெப்டின், 1995-96ல் அடிபோனெக்டின் என்று வரிசையாகக் கண்டுபிடித்த பிறகுதான் கொழுப்பும் ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்கிறது என்பது உறைத்தது. அடிபோனெக்டினை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், பழைய கட்டுரைகளைப் படித்தால் தலை சுற்றும். இன்சுலின், லெப்டின் எல்லாம் இரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். இது மைக்ரோகிராம் கணக்கில், ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 3 முதல் 30 வரை ஓடுகிறது, உங்கள் வீட்டுக்காரரின் 3.9 அதில் அடிமட்டம். ஒரு ஹார்மோனுக்கு இது ரொம்ப அதிகம்.

இதன் வேலை என்னவென்றால், தசையையும் கல்லீரலையும் கொழுப்பை எரிக்கச் சொல்கிறது, கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை அவிழ்த்து விடுவதைக் குறைக்கிறது, இரத்தக் குழாயின் உள்சுவரில் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன், உண்டாக்கும் செல்கள் வந்து ஒட்டுவதையும் தணிக்கிறது. நல்ல பிள்ளை. விநோதம் என்னவென்றால், கொழுப்பு செல்தான் இதைச் சுரக்கிறது, ஆனால் உடம்பில் கொழுப்பு கூடினால் இது கூடுவதில்லை, குறைகிறது! லெப்டின் அப்படி இல்லை, கொழுப்பு ஏற ஏற அதுவும் ஏறும்.

ஏன் குறைகிறது? இங்கேதான் நீங்கள் எழுதிய சிஆர்பி, அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் புரதம், வருகிறது. வயிற்றுக்குள், குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு செல்கள் கொள்ளளவுக்கு மேல் உப்பும்போது சில செல்கள் நொந்து சாகின்றன, அதைத் துப்புரவு செய்ய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக உள்ளே வருகின்றன. பருமனானவர்களின் கொழுப்பில் இவை குவிந்து கிடப்பதை 2003ல் வந்த ஆய்வுகள் காட்டின. வந்தவை சும்மா இருப்பதில்லை, டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை விடுகின்றன. டிஎன்எஃப் பக்கத்திலுள்ள கொழுப்பு செல்லில் அடிபோனெக்டின் உற்பத்தியை அமுக்குகிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய் சிஆர்பியைத் தயாரிக்க வைக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு சிஆர்பி கொஞ்சம் ஏறியும் அடிபோனெக்டின் இறங்கியும் ஒன்றாக வருவதை அடிக்கடி பார்க்கிறோம். அடிபோனெக்டின் குறைந்ததும் அழற்சியைத் தணிக்க ஆள் இல்லை, அழற்சி இன்னும் கூடுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் வருஷக்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரரின் தாளுக்கு வருகிறேன். என்னை யோசிக்க வைத்தது சிவப்பில் இருந்த அடிபோனெக்டின் இல்லை, கருப்பில் இருந்த வரிகள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8, மில்லிமோல் கணக்கில். மலேசிய வழிகாட்டியில் 6.1ல்தான் முன்னிலை நீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய கட்டம், தொடங்குகிறது, அதனால் லேப் நார்மல் என்று போட்டுவிட்டது, அது அவர்கள் தவறு இல்லை. ஆனால் வளர்சிதை மாற்றக் கோளாறு, மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்களே, அதைக் கணக்கிட 5.6லிருந்தே சேர்க்க வேண்டும். இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 2.3, இருக்க வேண்டியது 1.7க்குக் கீழே. நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 0.9, ஆண்களுக்கு 1.0க்குக் குறையக் கூடாது. இரத்த அழுத்தம் 134க்கு 86, எல்லை 130க்கு 85. ஐந்தில் மூன்று இருந்தாலே அந்தக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம், இவருக்கு இடுப்பை அளக்காமலே நான்கு வந்துவிட்டது. இதில் ஒன்றையும் லேப் சிவப்பில் போடவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஒல்லி என்று சொன்னீர்கள். நம்மவர்களிடம் இந்த ஒல்லியை நம்ப முடியாது. 2004ல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 22.3, அச்சு மாறாமல் ஒன்றே. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் வம்சாவளியில் கை கால் மெலிந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேருவது சகஜம், ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் அடிபோனெக்டினும் குறைவாகவே இருக்கிறது. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நீரிழிவு 18.3 சதவீதம், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. இனிப்புநீர் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்று சொல்லும் வீட்டைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

செய்ய வேண்டியது: தையல்காரர் டேப் ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும், வயிற்றை உள்ளே இழுத்தால் ஏமாறுவது அவர்தான். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இதுதான் நமக்கான எல்லை. சிஆர்பியை இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், சளி காய்ச்சல் பல் வலி இருந்த வாரத்தில் எடுத்தால் அது தப்பாக ஏறியிருக்கும், 10க்கு மேல் வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று மாதிரி வேறு காரணம். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்கள், 6.3 வந்தால் இங்கே நீரிழிவு, 5.7லிருந்து 6.2 வரை முன்னிலை. அடிபோனெக்டினைத் திரும்ப எடுக்க வேண்டாம். எந்த நோயைக் கண்டுபிடிக்கவும் அந்த எண்ணை வைத்து முடிவு செய்யச் சொல்லும் வழிகாட்டி கிடையாது, அது சொல்ல வந்ததை ட்ரைகிளிசரைடும் ஹெச்டிஎல்லும் இடுப்பு அளவும் மலிவாகவே சொல்லிவிட்டன.

அடிபோனெக்டினை ஏற்றும் கேப்சூல் என்று ஒரு பெட்டி 280 ரிங்கிட்டுக்குத் தெரிந்த பெண் ஒருவர் வீட்டுக்கே கொண்டு வந்து விற்கிறார். ஜப்பான் ஆராய்ச்சி என்கிறார். வாங்கலாமா? – வாசகர், ஆயர் ஈத்தாம்

வேண்டாம் ஐயா. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஜப்பான் ஆராய்ச்சி என்பது முழுப் பொய் இல்லை. அடிபோனெக்டின் செல்லில் எந்தக் கதவைத் தட்டி உள்ளே பேசுகிறது என்பதை 2003ல் டோக்கியோ குழுதான் கண்டுபிடித்தது. அதே குழு 2013ல், வாயால் சாப்பிட்டால் அந்தக் கதவைத் திறக்கும் அடிபோரான் என்ற ஒரு மூலக்கூறை வெளியிட்டது. கொடுத்தது எலிகளுக்கு. பருமனான, சர்க்கரை ஏறிய எலிகள் அதில் தேறின. அது இன்னும் மனிதர்களுக்கான மருந்தாக மருந்துக்கடைக்கு வரவில்லை, உங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் இருக்கவும் வாய்ப்பில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அடிபோனெக்டின் குறைவாக உள்ளவர்களுக்கு நீரிழிவு அதிகம் வருகிறது, இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. ஆனால் குறைந்ததால் நோய் வந்ததா, அல்லது நோய் வரும் பாதையில் போகும்போது அதுவும் சேர்ந்து குறைந்ததா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே மரபணு காரணமாக அடிபோனெக்டின் கூடுதலாக ஓடும், அவர்கள் அதற்காக ஓடவும் இல்லை, சோற்றைக் குறைக்கவும் இல்லை. அதுதான் பாதுகாப்பு என்றால் இவர்களுக்கு நீரிழிவும் மாரடைப்பும் குறைவாக இருக்க வேண்டும். பெரிய மரபணு ஆய்வுகளில் தேடிப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்கவில்லை. மாறாக, இன்சுலின் வேலை செய்யாத நிலைதான் அடிபோனெக்டினைக் கீழே இறக்குகிறது என்பதற்குச் சான்று கூடி வருகிறது. அதாவது இது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் முள் மாதிரி, முள்ளைக் கையால் மேலே தள்ளினால் டாங்கி நிரம்பாது.

உடனே ஒரு நண்பர் கேட்பார், நீரிழிவுக்குக் கொடுக்கும் பயோகிளிடசோன் மாத்திரை அடிபோனெக்டினை நன்றாக ஏற்றுகிறதே, சர்க்கரையும் இறங்குகிறதே என்று. உண்மைதான். அந்த மாத்திரை சாப்பிட்டால் எடை கூடும், ஆனால் கொழுப்பு கல்லீரலை விட்டுத் தோலுக்கு அடியில் போய்ச் சேரும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும். 2007ல் அமெரிக்காவில் ஒரு சோதனை, லெப்டின் இல்லாமல் பிறந்த குண்டு எலிகளில் அடிபோனெக்டினைக் கூடுதலாகச் சுரக்க வைத்தார்கள். அந்த எலிகள் மெலியவில்லை, இன்னும் பயங்கரமாகக் குண்டாகின, ஆனால் சர்க்கரையும் இரத்தக் கொழுப்பும் சீரானது! கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது, அங்கே அழற்சி இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாருக்கும் பயோகிளிடசோன் எழுதிவிட முடியாது, கால் வீங்கும், இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, எலும்பு முறிவு அபாயமும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு அவருடைய மருத்துவர் பார்த்து எழுதும் மருந்து அது.

280 ரிங்கிட்டுக்கு நல்ல நடைக் காலணி ஒரு ஜோடி வரும்.

அம்மாவுக்கு 78 வயது, சிறுநீரகம் பலவீனம், கால் வீக்கம். மருத்துவமனையில் எடுத்ததில் அடிபோனெக்டின் அதிகமாம். அதிகம் என்றால் நல்லதுதானே? – வாசகி, ஜெலுத்தோங்

நல்லது என்று சொல்ல முடியவில்லை அம்மா. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது இரத்தத்தில் தேங்கி ஏறுகிறது. இதயம் பலவீனமானவர்களிடமும், வயதாகி உடல் இளைத்தவர்களிடமும் ஏறுகிறது, இவர்களில் அளவு கூடியவர்களே அதிகம் இறந்தார்கள் என்று கூடப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அடிபோனெக்டின் அவர்களைக் கொன்றது என்று அர்த்தமில்லை. உடம்பு தளரும்போது ஈடுகட்ட அது ஏறுகிறதா, அல்லது இளைப்பின் அடையாளமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நாற்பது வயது ஆளிடம் நல்ல செய்தியாக இருக்கும் அதே எண், அம்மாவின் நிலையில் வேறு மாதிரி பொருள்படும். அந்த எண்ணை மறந்துவிட்டு சிறுநீரக மருத்துவரின் தேதியைத் தவறவிடாதீர்கள். கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் தேதிக்குக் காத்திருக்கவும் கூடாது.

லெப்டின் பசியை அடக்கும் ஹார்மோன் என்று படித்தேன். அதை ஊசியாகப் போட்டால் எடை குறையுமா? வயது 29, எடை 88 கிலோ. – வாசகி, பினாங்கு

1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தபோது உலகமே அப்படித்தான் நினைத்தது, மருந்துக் கம்பெனி கோடிக்கணக்கில் பணம் கொட்டியது. அப்புறம் பார்த்தால் பருமனானவர்கள் உடம்பில் லெப்டின் ஏற்கெனவே நிறைய ஓடுகிறது, மூளைதான் காது கொடுக்கவில்லை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத சில குழந்தைகளுக்கு அந்த ஊசி அதிசயம் செய்தது. இன்னொரு கூட்டம், உடம்பில் கொழுப்பே சேராத அரிய நோயான லிப்போடிஸ்ட்ரோபி உள்ளவர்கள். பார்க்க எலும்பும் தோலும், ஆனால் கடுமையான நீரிழிவு, கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு எங்கேயோ போய் நிற்கும், லெப்டினும் அடிபோனெக்டினும் அடிமட்டம். கொழுப்பு செல் இல்லாமல் போனாலும் ஆபத்துதான். அவர்களுக்கு லெப்டின் ஊசி உதவுகிறது, உங்களுக்கு உதவாது. இப்போது எடைக்குப் போடும் ஊசிகள் வேறு வகை, அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் நேரில் பேசுங்கள் தங்கச்சி, சமூக ஊடகத்தில் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எதைச் சாப்பிட்டால் அடிபோனெக்டின் ஏறும்? நான் சாயங்காலம் தண்ணீர்மலை ஏறுகிறேன், காலையில் ரொட்டி சானாய், தே தாரிக். – வாசகர், ஜார்ஜ்டவுன்

மலை ஏறுவது பிரமாதம், விடாதீர்கள். உடற்பயிற்சி செய்தால் தசைக்குள் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், அடிபோனெக்டின் எண் அசையாமல் இருந்தாலும் கூட. அந்த எண் ஏற வேண்டுமென்றால் பொதுவாக எடை நல்ல அளவு இறங்க வேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸில் 120 பருமனான பெண்களை இரண்டு வருஷம் வைத்து ஆய்வு செய்து 2003ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய் கொண்ட சாப்பாடும் நடையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப்பட்டது, மற்றவர்களுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். முதல் கூட்டத்துக்கு எடை அதிகம் இறங்கியது, சிஆர்பியும் இன்டர்லூகின்-6ம் இறங்கின, அடிபோனெக்டின் ஏறியது. எந்த ஒரு தனிச் சாப்பாடும் அதைச் செய்யவில்லை.

நம் சாப்பாட்டில் அதே காரியத்தைச் செய்ய ஆலிவ் எண்ணெய் தேடி ஓட வேண்டாம். சாம்பாரில் பருப்பும் காயும் கூடட்டும், சோறு குறையட்டும், மார்க்கெட்டில் கிடைக்கும் கெம்போங் மீனும் செலார் மீனும் போதும். உங்கள் தே தாரிக்கில் இருக்கும் கொண்டென்ஸ்டு மில்க் சர்க்கரைப் பாகுதான், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள், முதல் வாரம் வாய் கசக்கும், அப்புறம் பழகிவிடும். ரொட்டி சானாய் வாரத்துக்கு ஒரு நாள். நாசி கண்டாரை விடச் சொன்னால் பினாங்குக்காரர் யாரும் என் பேச்சைக் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே கறிக் குழம்பை நாலைந்து கலந்து ஊற்றும் பழக்கத்தை மட்டும் குறையுங்கள், சோறு பாதி, வெண்டைக்காய் இரட்டிப்பு.

புகை பிடித்தால் இதிலும் பாதிப்பு உண்டா? – வாசகர், நிபோங் திபால்

உண்டு. புகைப்பவர்களுக்கு அடிபோனெக்டின் குறைவாகவும் சிஆர்பி அதிகமாகவும் இருக்கிறது. அரசுக் கிளினிக்குகளில் நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது, போய் உட்காருங்கள் தம்பி.

எனக்கு நீரிழிவு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், ஆனாலும் ஹெச்பிஏ1சி 7.6க்குக் கீழே வரவில்லை. பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறது, அது வேறு கதை. – வாசகர், பெர்மாத்தாங் பாவ்

வேறு கதை இல்லை ஐயா, ஒரே கதைதான்! ஈறு நோயும் அழற்சிதான், பல்லைச் சுற்றி நாள் முழுக்கக் கிருமியோடு சண்டை நடக்கிறது, அதன் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏறினால் ஈறு மோசமாகும், ஈறு மோசமானால் சர்க்கரை ஏறும். ஈறுக்கு அடியில் படிந்த காரையை முறையாகச் சுத்தம் செய்த நீரிழிவுக்காரர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக சுமார் 0.4 புள்ளி இறங்கியதை, பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதில் பாதிப் பலன் இருக்கும். உங்கள் கிளினிக்கில் சொல்லி பல் பிரிவுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், சர்க்கரை இருக்கிறது என்று பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சுத்தம் செய்த மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுத்து, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.